வெகுசனப் பாடல்களில் கிறிஸ்தவ மன்னிப்பை எப்படி இனங்காண்பது?

‘மன்னித்துவிடு’ என்று வரும் பாடல்களையெல்லாம் கிறிஸ்தவக் கருத்துடையவை எனலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இயலாது என்பதே என் எண்ணம்; ஊடலில் கேட்கப்படும் மன்னிப்பு பெரும்பாலும் சமாதான வேண்டுகோளாகவே நின்றுவிடுகிறது. கிறிஸ்தவப் பார்வையில் மன்னிப்பு ஈட்டப்படுவதன்று, கிருபையாக, அதாவது தகுதி பாராத இறையருளாக, அருளப்படுவது. விவிலியத்தின் லூக்கா நற்செய்தி 15ஆம் அதிகாரத்தில் வரும் உவமையில், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பும் இளைய மகன் வாய் திறக்கும் முன்பே தந்தை ஓடிவந்து அவனைக் கட்டியணைக்கிறார். தகுதிக்கு முந்திவரும் இந்த வரவேற்பைத்தான் பாடலிலும் தேட வேண்டும்.

முன்பு அடிமைக் கப்பல் தலைவராக இருந்த ஜான் நியூட்டன் எழுதி 1779இல் அச்சான ‘அமேசிங் கிரேஸ்’ (வியத்தகு கிருபை) என்னும் ஆங்கிலக் கிறிஸ்தவப் பாடலில் மன்னிப்பு என்ற சொல்லே இல்லை. ஆயினும் ‘காணாமற்போனான், திரும்பவும் காணப்பட்டான்’ என்னும் அந்தத் தந்தையின் கூற்றே அதில் எதிரொலிக்கிறது. (கிறிஸ்தவ நம்பிக்கைக்கு மனமாறிய பின்னும் நியூட்டன் சில ஆண்டுகள் அத்தொழிலைத் தொடர்ந்தார் என்பதை நாம் மறைக்கக் கூடாது.) 1970இல் அமெரிக்கப் பாடகி ஜூடி காலின்ஸ் குரலில் அது தேவாலயத்துக்கு வெளியிலும் பெரும் வரவேற்பைப் பெற்றது. அயர்லாந்து ராக் இசைக்குழுவான யூ2வின் ‘கிரேஸ்’ பாடல் (2000), கிருபையை ஒரு பெண்ணாக உருவகித்து, அவளை வினைப்பயனுக்கு அப்பால் நிறுத்துகிறது. நான் அறிந்தவரை, வெகுசன இசையில் இக்கருத்து இவ்வளவு தெளிவாக ஒலிப்பது அரிது.