அதே குளிசை, ஐந்து கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஐவர்மெக்ரின் என்ற பூச்சிக் குளிசை பற்றியவை. எல்லாவற்றுக்கும் என் முதற்கேள்வி ஒன்றுதான்: எந்தப் பூச்சிக்கு?

வீட்டில் நால்வருக்கும் சொறி. ஐவர்மெக்ரின் ஒருமுறை போட்டும் கடி நிற்கவில்லை. – கொக்குவில்

விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றிக் கடி, அதுவும் இரவில் கூடுதல் என்றால் சிரங்குப் பூச்சியைத்தான் சந்தேகிக்க வேண்டும். குளிசை பூச்சியைக் கொல்லும், முட்டையை அல்ல. ஆகவே 7 முதல் 14 நாள் கழித்து இரண்டாம் தடவை போட வேண்டும். பூச்சி செத்த பிறகும் சில வாரங்களுக்குக் கடி இருக்கும். அதற்காகக் குளிசையைக் கூட்டாதீர்கள். அளவு உடல் எடைக்கு ஏற்றது: கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். 45 கிலோ எடையுள்ளவருக்கு 3 மில்லிகிராம் குளிசை மூன்று. 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் பொதுவாகக் கொடுப்பதில்லை. அவர்களுக்குப் பெர்மெத்ரின் களிம்பு. நால்வரும் ஒரே நாளில் மருந்தெடுக்க வேண்டும். தப்பிக்கொள்ளும் ஒருவரிடமிருந்து எல்லாருக்கும் திரும்ப வரும். (அநேகமாக அவர் வீட்டுத் தலைவராகத்தான் இருப்பார்.)

வயது 61. வெங்காயத் தோட்டம் செய்கிறேன். ஸ்ரெரோய்ட் தொடங்குமுன் வைத்தியர் பூச்சிக் குளிசை தந்தார். எனக்கு வயிற்றில் ஒரு குறையும் இல்லையே? – புன்னாலைக்கட்டுவன்

உங்கள் வைத்தியர் காரியகாரர். ஸ்ரோங்கிலோய்டிஸ் என்றொரு புழு உண்டு. ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்று தண்ணீர் கட்டும்போது அதன் குஞ்சு தோலைத் துளைத்து உள்ளே போகும். இரத்தத்தோடு நுரையீரலுக்குச் சென்று, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலில் குடியேறும். இதன் குஞ்சுகளில் சில மலத்தோடு வெளியேறாமல் குடற்சுவரைத் துளைத்து மறுசுற்றைத் தொடங்கிவிடும். அதனால் இதற்கு ஆயுள் முடிவதே இல்லை. இரண்டாம் உலகப் போரில் சயாம்–பர்மா ரயில்பாதையில் வேலை வாங்கப்பட்ட பிரித்தானியக் கைதிகளின் உடலில், நாடு திரும்பி 30 வருடங்களுக்கு மேலான பிறகும் இதைக் கண்டிருக்கிறார்கள். பலருக்கு அறிகுறியே இராது; இடுப்பிலோ தொடையிலோ ஊர்ந்து போகும் தடிப்பு ஒன்று தோன்றி மறையலாம். ஸ்ரெரோய்ட் எதிர்ப்புச் சக்தியை அடக்கியதும் புழு கட்டுக்கடங்காமல் பெருகும். குடற்கிருமிகளையும் இரத்தத்துக்குள் இழுத்துச் செல்லும். அந்த நிலையில் உயிரைக் காப்பது பெரும்பாடு. ஒரு மலப் பரிசோதனையில் காணவில்லை என்பதை நம்ப முடியாது. இதற்கு ஐவர்மெக்ரின்தான் முதல் மருந்து. போடுங்கள்.

பள்ளியில் பிள்ளைகளுக்குத் தருவதும் இதுவா?

இல்லை. அது மெபெண்டசோல், 500 மில்லிகிராம். வட்டப்புழு, கொழுக்கிப்புழு போன்றவற்றுக்கு. மேலே சொன்ன புழுவிடம் அதன் வலு குறைவு.

மாட்டுக்குப் போட்ட ஐவர்மெக்ரின் ஊசி மருந்து மிச்சம் இருக்கிறது. மருந்து ஒன்றுதானே? – சாவகச்சேரி

மருந்து ஒன்று, போத்தல் வேறு. அதில் பெரும்பாலும் ஒரு மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம் இருக்கும். பல நூறு கிலோ மாட்டுக்கு அளந்து செய்தது. கை சற்றுத் தவறினால் வாந்தி, தலைசுற்று, தடுமாற்றம், வலிப்பு, நினைவு தப்புதல் வரை போகும். கால்நடை வைத்தியரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கொரோனாக் காலத்தில் வாங்கிய ஒரு பெட்டி இருக்கிறது. காய்ச்சலுக்குப் போடலாமா? – நல்லூர்

வேண்டாம். 2015 ஆம் ஆண்டு நோபல் பரிசு இம்மருந்துக்குக் கிடைத்தது ஆற்றுக்குருடு, யானைக்கால் ஆகிய புழு நோய்களை அடக்கியதற்காக. கொரோனாவுக்கு நடந்த பெரிய பரிசோதனைகளில் பயன் தெரியவில்லை. போதாக்குறைக்கு, பெட்டியில் 2023 வரை என்று இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிறகென்ன கேள்வி?