மாநாட்டில் பேசுவது வேலையாகுமா?

கேள்வி: வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று நடத்தும் மூன்று நாள் மாநாட்டில் ஆய்வுக் கட்டுரை வாசிக்க எனக்கு அழைப்பு வந்துள்ளது. விமானக் கட்டணம், தங்குமிடம் ஆகியவற்றுடன் சிறு தொகையொன்றை மதிப்பூதியமாகவும் தருவதாக எழுதியிருக்கிறார்கள். பணம் வாங்கினால் அது வேலையாகிவிடும், பணி அனுமதி இல்லாமல் போகக் கூடாது என்கிறார் உடன் பணிபுரியும் நண்பர். அவர் சொல்வது சரியா?

பதில்: பாதி சரி. மாநாட்டில் கலந்துகொள்வதையும் கட்டுரை வாசிப்பதையும் பெரும்பாலான நாடுகள் வேலையாகக் கருதுவதில்லை. வணிகப் பயணிக்கோ பார்வையாளருக்கோ உரிய குறுகிய கால விசாவே அதற்குப் போதும். பயணச் செலவையும் தங்கும் செலவையும் அமைப்பாளர் ஏற்றுக்கொள்வதும் பொதுவாகச் சிக்கலாவதில்லை, ஏனெனில் அது ஊதியமன்று, உங்கள் கைச்செலவை ஈடுசெய்வது மட்டுமே. மதிப்பூதியம் என்று வரும்போதுதான் நாட்டுக்கு நாடு விதி மாறுகிறது.

அமெரிக்காவை எடுத்துக்கொண்டால், பி-1 எனப்படும் வணிகப் பயணி விசாவில் செல்பவர் கல்வி சார்ந்த பணிக்காக மதிப்பூதியம் பெற 1998-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இடமளிக்கிறது. ஆயினும், ஒரு நிறுவனத்தில் அப்பணி 9 நாட்களைத் தாண்டக் கூடாது. முந்தைய 6 மாதங்களில் ஐந்துக்கு மேற்பட்ட நிறுவனங்களிடமிருந்து அத்தகைய தொகையைப் பெற்றிருக்கவும் கூடாது. இந்தச் சலுகை பல்கலைக்கழகங்களுக்கும், அவற்றைச் சார்ந்த இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கும், இலாப நோக்கற்ற அல்லது அரசு ஆய்வு நிறுவனங்களுக்கும் மட்டுமே உரியது. அதே உரையை ஒரு வணிக நிறுவனத்தின் மாநாட்டில் ஆற்றினால் செலவுத் தொகையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பேச்சு ஒன்றே என்றாலும் அழைப்பவர் யார் என்பதைப் பொறுத்துச் சட்டம் மாறுவது சற்று விசித்திரம்தான்.

பிரிட்டனில் ஊதியத்தோடு அழைக்கப்படும் வல்லுநர்களுக்கெனத் தனி விசா முன்பு இருந்தது; 2024 ஜனவரி 31 முதல் அது வழக்கமான பார்வையாளர் விசாவுக்குள் சேர்க்கப்பட்டு, மாநாட்டில் பேச அழைக்கப்படுவோரும் அதன் வரம்புக்குள் வந்தனர். ஆனால் ஊதியம் தரும் நிகழ்ச்சி பயணத்துக்கு முன்பே ஏற்பாடாகியிருக்க வேண்டும். நாட்டுக்குள் நுழைந்த 30 நாட்களுக்குள் முடிந்தும்விட வேண்டும். கனடாவில் விருந்தினர் பேச்சாளருக்கும், 5 நாட்களுக்கு மேற்படாத கருத்தரங்கை நடத்துபவருக்கும் பணி அனுமதியிலிருந்து விலக்கு உண்டு.

ஆகவே, அழைப்பது பல்கலைக்கழகம், நிகழ்ச்சி மூன்று நாட்கள் என்பதால் உங்கள் நிலைமை சாதகமானதே. எனினும் மதிப்பூதியம் பற்றிய வரி அழைப்புக் கடிதத்தில் இருக்கட்டும். விண்ணப்பத்தில் அதை மறைப்பதுதான் உண்மையான ஆபத்து.

கேள்வி: மாநாடு முடிந்தபின் அங்கேயே தங்கி, ஒரு நண்பரின் நிறுவனக் கண்காட்சி அரங்கில் இரு வாரங்கள் உதவலாம் என்றிருக்கிறேன். சம்பளம் எதுவும் வாங்கப் போவதில்லை. அப்படியானால் பணி அனுமதி தேவையில்லை அல்லவா?

பதில்: அப்படிச் சொல்லிவிட முடியாது. கூலி வாங்கினால்தான் வேலை என்பது நம்மிடையே ஊறிப்போன எண்ணம். குடிவரவுச் சட்டம் வேறு விதமாகப் பார்க்கிறது. கனடாவின் விதிமுறை, சம்பளமோ தரகோ தரப்படும் செயலை மட்டுமன்றி, அந்நாட்டுத் தொழிற்சந்தையில் உள்ளவர்களோடு நேரடியாகப் போட்டியிடும் செயலையும் வேலை என்றே வரையறுக்கிறது. அரங்கில் நின்று வருவோரைக் கவனிக்க உள்ளூரில் ஒருவரை அமர்த்தியிருக்க முடியுமானால், அந்த இடத்தில் இலவசமாக நிற்கும் நீங்கள் அவருடைய வேலையைச் செய்கிறீர்கள் என்றே அதிகாரி கருதக்கூடும். பிரிட்டன் பார்வையாளர் விதிகளின்படி வணிகக் கண்காட்சியில் விளம்பரப் பணி செய்யலாம், நேரடி விற்பனை செய்யக் கூடாது. மாநாட்டுக்கென வாங்கிய விசாவில் இந்த இரு வாரங்களையும் ஓசைப்படாமல் சேர்த்துக்கொள்ள வேண்டாம். விண்ணப்பிக்கும்போதே தூதரகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: அழைப்புக் கடிதம் கையில் இருந்தால் விசா உறுதிதானே? எத்தனை நாட்களுக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும்?

பதில்: அழைப்புக் கடிதம் ஒரு சான்று மட்டுமே. பயணத்தின் நோக்கத்தை அது காட்டும். நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பதை உங்கள் பணி, குடும்பம், விடுப்பு ஆணை, வங்கிக் கணக்கு ஆகியவைதாம் காட்ட வேண்டும். கடிதத்தில் மாநாட்டின் பெயர், நாட்கள், இடம், நீங்கள் பேச்சாளரா பங்கேற்பாளரா, எந்தச் செலவை யார் ஏற்கிறார் ஆகிய விவரங்கள் தெளிவாக இருக்கட்டும். 'தங்களை அன்புடன் வரவேற்கிறோம்' என்பதோடு முடியும் கடிதத்தால் பயன் குறைவு.

ஒரே பொது விசாவை ஏற்கும் ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளுக்குப் பயணத்துக்கு 6 மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாட்கள். முடிவெடுக்க வழக்கமாக 15 நாட்கள் ஆகும், சில வேளைகளில் அது 45 நாட்கள் வரை நீளலாம் என்பதால், கட்டுரை ஏற்கப்பட்ட செய்தி வந்த வாரமே தொடங்குவது நல்லது. குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள பயண மருத்துவக் காப்பீடும் கட்டாயம். இரு நாடுகளுக்குச் செல்வதாக இருந்தால், பயணத்தின் முதன்மை நோக்கம் எங்கு நிறைவேறுகிறதோ அந்நாட்டின் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். விமானம் முதலில் இறங்கும் நாடு என்பதற்காக அங்கே விண்ணப்பிக்க வேண்டியதில்லை.

விசா கிடைத்த பின்னும் எல்லையில் உள்ள அதிகாரிக்கு உங்களைக் கேள்வி கேட்கவும் திருப்பி அனுப்பவும் உரிமை உண்டு. எனவே கடிதத்தையும் திரும்பும் பயணச்சீட்டையும் பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிடாமல் கையிலேயே வைத்திருங்கள். 'ஒரு வேலையாக வந்தேன்' என்பது நம் பேச்சில் சாதாரணமான தொடர். அதை அப்படியே மொழிபெயர்த்து அந்த அதிகாரியிடம் சொல்லிவிடாதீர்கள். இன்ன மாநாட்டில், இந்த நாட்களில், கட்டுரை வாசிக்க வந்திருக்கிறேன் என்று சொன்னால் போதும்.