முகூர்த்தப்பட்டு எந்தக் கடையில்?

கேள்வி: வரும் தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக முகூர்த்தப்பட்டு எடுப்பது ஒரே ஜவுளிக்கடையில்தான். மாமியாருக்கு, நாத்தனாருக்கு, எனக்கு எல்லோருக்கும் அங்கேதான் எடுத்தார்கள். கைராசியான கடை என்பார் மாமியார். போன தேர்தலில் அந்தக் கடை முதலாளி ஒரு கட்சியின் மேடையில் ஏறிப் பேசினார். கட்சிக்கு நிறையப் பணம் கொடுத்ததாகவும் பேச்சு. அந்தக் கட்சியின் கொள்கை என் மகளுக்குத் துளியும் ஒப்பாது. "அந்தக் கடைப் புடவையைக் கட்டிக்கொண்டு மணவறையில் உட்கார மாட்டேன்" என்கிறாள். "துணிக்கு ஏது கட்சி?" என்கிறார் என் கணவர். இதற்கிடையே மகன், எந்தக் கடைக்குப் போகக் கூடாது, எந்தப் பொருளை வாங்கக் கூடாது என்று வாட்ஸ்அப்பில் வரும் பட்டியலையெல்லாம் குடும்பக் குழுவில் போடுகிறான். இப்போது மளிகை வாங்கக்கூடத் தயக்கமாக இருக்கிறது. நான் யார் பக்கம் நிற்க?
— பெயர் வேண்டாம், மதுரை

அன்புள்ள சகோதரி,

மகள் பக்கம் நில்லுங்கள். முகூர்த்தப்பட்டைப் பொறுத்தவரை அவ்வளவுதான் என் பதில். கட்டிக்கொண்டு உட்காரப் போகிறவள் அவள். பத்து வருடம் கழித்து பீரோவைத் திறந்து அந்தப் புடவையை எடுக்கும்போதும் அவள் மனதில் நெருடுமென்றால், கடை எவ்வளவு கைராசியாக இருந்து என்ன? ஆனால் உங்கள் கடிதத்துக்குள் உங்கள் கணவரின் கேள்வி ஒன்றும், மகனின் கேள்வி ஒன்றும் இருக்கின்றன. அவற்றை அப்படி ஒரு வரியில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

"துணிக்கு ஏது கட்சி?" மதுரையில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா என்று உங்கள் கணவரிடம் உரிமையோடு கேட்கிறேன். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி அரையாடைக்கு மாறியது உங்கள் ஊர் மேலமாசி வீதியில் ஒரு வீட்டில்தான். அதற்கு முன் சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் வந்தபோது நடந்ததை அவரே எழுதியிருக்கிறார். அந்நியத் துணி உடுத்தியிருந்த சக பயணிகளிடம் கதர் உடுத்தும்படி சொல்லிப் பார்த்தார். கதர் விலை அதிகம், வாங்க எங்களுக்கு வசதியில்லை என்றார்கள். சட்டை, தொப்பி, முழுநீள வேட்டி எல்லாம் அணிந்துகொண்டு, இல்லாதவர்களிடம் இதைக் கேட்கிறோமே என்று அவருக்கு உறுத்தியது. மதுரையில் இடுப்புக்கு ஒரு துண்டுத் துணியோடு வெளியே வந்தார். கடைசிவரை அதுவே அவர் உடையாகிவிட்டது.

கடையைப் பார்த்து வாங்குவதா வேண்டாமா என்று யார் கேட்டாலும் எனக்கு இந்த ரயில் பெட்டிதான் நினைவுக்கு வரும். துணிக்குக் கொள்கை உண்டு என்று நம்பியவர், அந்தக் கொள்கைக்கு ஆகிற செலவைத் தன் உடம்பிலேயே ஏற்றுக்கொண்டார். எதிரே உட்கார்ந்திருந்த ஏழையின் தலையில் அதை வைக்கவில்லை. உங்கள் மகளிடமும் இதைச் சொல்லுங்கள். வேறு கடையில் அதே நெசவு, அதே ஜரிகை மூவாயிரம் ரூபாய் கூடுதல் என்றால் அவள் ஜரிகையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அப்பா கூடுதலாகக் கடன் வாங்கட்டும் என்று இருந்துவிடக் கூடாது. அதேபோல, உங்கள் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க வருகிறவர் மலிவாகக் கிடைக்கிறதே என்று எந்தக் கடையில் சோப்பு வாங்கினாலும், அவரிடம் போய் மகனின் பட்டியலை நீட்டாதீர்கள்.

இனி அந்த முதலாளி. மேடையேறிப் பேசினார் என்கிறீர்கள். அது அவர் உரிமை. உங்களுக்குப் பிடித்த கட்சிக்காகப் பேசிய ஒரு மளிகைக்கடைக்காரரை, தெருவில் பாதிப் பேர் அதற்காகவே கைவிட்டால் உங்களுக்கு வலிக்கும்தானே? அதனால் கருத்து வேறு என்பதற்காக மட்டும் பழகிய கடையை விட்டுவிடுவதில் நான் அவசரப்பட மாட்டேன். ஆனால் அவர் என்ன பேசினார் என்பதை நீங்கள் எழுதவில்லை. திட்டம், வரி, மொழி, வளர்ச்சி என்று பேசினாரா? அல்லது இன்னாருக்கு வீடு கொடுக்காதீர்கள், இன்னாரிடம் வாங்காதீர்கள், அவர்களை ஊருக்குள் விடாதீர்கள் என்று பேசினாரா? இரண்டாவது என்றால் அந்த வாசற்படியை நானும் மிதிக்க மாட்டேன், மூன்று தலைமுறைக் கணக்கையும் பார்க்க மாட்டேன். மகளை உட்காரவைத்துக் கேளுங்கள். உங்கள் காதுக்கு வராத எதையோ அவள் கேட்டிருக்கலாம். கல்யாண வயது வந்த பெண் இவ்வளவு அழுத்தமாக ஒன்றைச் சொன்னால் அதற்குப் பின்னால் பெரும்பாலும் ஏதாவது இருக்கும்.

பணம் கொடுத்தார் என்ற பேச்சை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். 20,000 ரூபாய்க்கு மேல் நன்கொடை கொடுத்தவர்களின் பெயரைக் கட்சிகள் ஆண்டுதோறும் தேர்தல் ஆணையத்திடம் தந்தாக வேண்டும். ஆணையத்தின் இணையதளத்தில் அதை யாரும் பார்க்கலாம். மகனுக்குப் பட்டியல் வேண்டுமென்றால் இதைப் பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் 2018 முதல் தேர்தல் பத்திரம் என்று ஒரு திட்டம் இருந்தது. யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பதே வெளியில் தெரியாது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அது அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று ரத்து செய்தது. வாக்காளருக்கு இதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு என்றது. அடுத்த மாதமே பெயர்கள் வெளிவந்தன. அதிகப் பத்திரம் வாங்கியது ஒரு லாட்டரி நிறுவனம், ஃபியூச்சர் கேமிங். தொகை 1,368 கோடி ரூபாய். அந்தப் பணம் திரிணமூல் காங்கிரஸ், தி.மு.க., ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ், பா.ஜ.க. என்று ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் கட்சிகளுக்கெல்லாம் போயிருந்தது. பட்டியலில் இப்படி இன்னும் பல நிறுவனங்கள். கட்சியைப் பார்த்துக் கடையைத் தேர்ந்தெடுக்கலாம் என்று கிளம்புகிறவர்கள் நம் நாட்டில் இடறி விழுவது இங்கேதான். கொள்கைக்காகக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். யார் வந்தாலும் நம் காரியம் நடக்க வேண்டும் என்று கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது வகையினரின் மனதில் எந்தக் கட்சி என்று தேடி அலைந்தால் தீபாவளிக்கு ஒரு கைக்குட்டைகூட வாங்க முடியாது.

மகனின் பட்டியலுக்கு வருகிறேன். இதில் எனக்குக் கவலை அதிகம்.

ஒரு பெயர் ஏன் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்று மகனை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லுங்கள். அந்த நிறுவனம் செய்த ஒரு செயலைக் காட்ட முடிந்தால் பேசலாம். "முதலாளி அந்த மதம்", "அந்தச் சாதிக்காரன் கடை" என்பதுதான் காரணம் என்றால், அந்தப் பட்டியலை அவன் கையாலேயே அழிக்கச் சொல்லுங்கள். புறக்கணிப்பு என்ற சொல்லுக்கு நம் மண்ணில் இன்னொரு பழைய முகம் உண்டு. ஊர் கூடி ஒரு குடும்பத்தை ஒதுக்கி வைப்பார்கள். அவர்களுக்கு மளிகைக்கடையில் சாமான் கிடையாது, டீக்கடையில் டீ கிடையாது, வயலில் வேலை கிடையாது. கூலி உயர்வு கேட்டதற்காக, கோயிலுக்குள் வந்ததற்காக இப்படி ஒதுக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீது சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பைச் சுமத்துவதை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் தனிக் குற்றமாகவே எழுதியிருக்கிறது. வாங்காமல் இருப்பது பலமில்லாதவர் கையிலும் ஆயுதம், பலமுள்ளவர் கையிலும் ஆயுதம். மகன் எந்தக் கையாக இருக்கப் போகிறான் என்று ஒரு அம்மாதான் கேட்க வேண்டும்.

செயலுக்காகவே புறக்கணிப்பது என்றாலும் அதற்கு ஒரு கோரிக்கை வேண்டும். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டம் நினைவிருக்கும். அந்த வேகத்தில், மார்ச் 1 முதல் பெப்சியும் கோக்கும் விற்பதில்லை என்று தமிழக வணிகர் அமைப்புகள் அறிவித்தன. அந்த நிறுவனங்களின் ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் போகிறதே என்ற கோபமும் அதில் சேர்ந்திருந்தது. விருதுநகரில் 1916-இல் பிறந்த காளிமார்க்கின் பொவண்டோவைக் கேட்டு வாங்கிக் குடித்தோம். எனக்கும் அந்த நாட்கள் பெருமையாகத்தான் இருந்தன. ஆனால் எதைச் செய்தால் திரும்ப வாங்குவோம் என்று யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. திருநெல்வேலி பக்கம் கங்கைகொண்டானில் இருக்கும் அந்த ஆலைகளுக்குத் தண்ணீர் தரக் கூடாது என்ற வழக்குகளும் மார்ச் 2 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தள்ளுபடியாயின. சில மாதங்களில் பல கடைகளின் குளிர்பெட்டிக்குள் அந்தப் பாட்டில்கள் திரும்பி வந்துவிட்டன.

இதோடு அயர்லாந்தின் டப்ளினில் நடந்ததை வைத்துப் பாருங்கள். 1984 ஜூலை 19, டன்ஸ் ஸ்டோர்ஸ் என்ற சூப்பர் மார்க்கெட். பில் போடும் இடத்தில் மேரி மானிங் என்ற 21 வயதுப் பெண். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி நடந்துகொண்டிருந்தது. அந்நாட்டுப் பொருளைத் தொடக் கூடாது என்று அவருடைய தொழிற்சங்கம் முடிவு செய்திருந்தது. ஒரு வாடிக்கையாளர் கிரேப்ஃப்ரூட் கொண்டுவந்து வைத்தார், நம் பம்பளிமாஸ் இனத்துப் பழம். பில் போட மாட்டேன் என்றார் மேரி. வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கூட வேலை பார்த்த ஒரு சிலரும் சேர்ந்து கடை வாசலில் மறியலுக்கு நின்றார்கள். ஒரு நாள் இரண்டு நாள் கிடையாது, இரண்டரை வருடத்துக்கு மேல். 1987-இல் அயர்லாந்து அரசு தென்னாப்பிரிக்கப் பழங்கள், காய்கறிகள் இறக்குமதியைத் தடை செய்தது. இந்தப் பொருள், இந்தக் காரணம், இது நின்றால் நாங்கள் வேலைக்குத் திரும்புவோம் என்று அவர்கள் கேட்டது யாருக்கும் புரியும்படி இருந்தது. மகன் அப்படி ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் நான் மனதார வாழ்த்துவேன். தினம் ஒரு பட்டியலை எல்லோருக்கும் தள்ளிவிட்டுத் தூங்கப் போனால், நாளை எதை வாங்குவது என்ற உங்கள் தயக்கம்தான் மிச்சம்.

கட்சியைவிட எனக்கு முக்கியமாகப் படுகிற ஒன்றைச் சொல்கிறேன். போன வருடம் ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குப் போயிருந்தேன். மாலை ஆறு மணி இருக்கும். புடவை பிரித்துக் காட்டிய பெண்ணுக்கு இருபது வயதுக்குள். நான் விலைச்சீட்டைப் பார்க்கும் நேரத்தில் வலது காலைச் செருப்பிலிருந்து உருவி, விரல்களை மடக்கி நீட்டி, மறுபடி நுழைத்துக்கொள்வாள். பிறகு இடது கால். அவளுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருந்தது. அதன் மேல் ரவிக்கைத் துணிக் கட்டுகளை மார்பளவுக்கு அடுக்கியிருந்தார்கள். உட்காரலாமே அம்மா என்றேன். மேற்பார்வையாளர் இருந்த திசையைப் பார்த்துவிட்டு, "பழகிடுச்சு மேடம்" என்றாள். அன்று நான் எதுவும் வாங்கவில்லை. பில் போடும் இடத்தில் இருந்தவரிடம் ஏன் வாங்கவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்துவிட்டது. கேரளம் 2018-லேயே கொண்டுவந்தது. சட்டம் காகிதத்தில் இருக்கிறதா, கடைக்குள் இருக்கிறதா என்பது வாங்கப் போகிற நமக்குத் தெரிகிற மாதிரி வேறு யாருக்குத் தெரியும்? ஒரு முதலாளியின் அரசியல் என்னவென்று எனக்கு அந்த ஸ்டூல் சொன்ன அளவுக்கு எந்த மேடையும் சொன்னதில்லை. மகளோடு புதுக் கடைக்குப் போகும்போது இதைப் பாருங்கள். அவளுக்குப் பிடித்த கட்சிக்காரர் கடையிலும் அந்தப் பெண்கள் நின்றுகொண்டேதான் இருக்கிறார்கள் என்றால் அதையும் அவள் கண்ணால் பார்க்கட்டும்.

பழைய கடைக்கு நீங்கள் ஒரு முறை போய்த்தான் ஆக வேண்டும். சொல்லாமல் நின்றுவிட்டால், விலை பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொள்வார்கள். "அண்ணாச்சி, மூணு தலைமுறையா உங்ககிட்டதான் எடுத்தோம். நீங்க அன்னைக்கு மேடையில பேசினது என் மகளுக்கு மனசு ஒப்பலை, அதனால இந்த முகூர்த்தப்பட்டு இங்கே எடுக்கலை" என்று நேரில் சொல்லுங்கள். அவர் என்ன பதில் சொல்கிறார் என்று கேளுங்கள். ஒருவேளை அந்தப் பதிலே உங்களையும் மகளையும் திரும்ப அழைத்துவரலாம், அல்லது நீங்களும் முழுதாக விலகிவிடலாம்.

மாமியாருக்கு அந்தக் கடையில் எடுத்தால்தான் மனம் நிறையும் என்றால் அவருடைய புடவையை அங்கேயே எடுக்கட்டும். பேத்தி தடுக்கக் கூடாது. முகூர்த்தப்பட்டு வேறு கடை என்பதை மட்டும் மாமியாரிடம் நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள், கல்யாண வீட்டில் வேறு யார் வாயிலிருந்தோ அவர் கேட்க வேண்டாம். தீபாவளிக் கூட்டம் தொடங்குவதற்குள் புடவையை எடுத்துவிடுங்கள். ரவிக்கையில் ஆரி வேலை செய்வதாக இருந்தால் தையல்காரருக்கு ஒரு மாதமாவது வேண்டும்.