ஆறு லட்சம் கடன் வாங்கி சப்ளை செயின் படிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 33. ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் 9 வருடமாக ஸ்டோர்ஸ், டிஸ்பேட்ச் பிரிவில் இருக்கிறேன். டிப்ளமோ முடித்தேன், பிறகு வேலை பார்த்துக்கொண்டே பி.பி.ஏ. முடித்தேன். பிடித்தம் போகக் கைக்கு வருவது 52,000 ரூபாய். வாடகை 11,000, வீட்டுச் செலவு 19,000, மகளின் பள்ளிக் கட்டணமும் இன்சூரன்ஸும் 6,000, ஊரில் அப்பா அம்மாவுக்கு 5,000, பர்சனல் லோன் தவணை 6,200 (இன்னும் 14 மாதம்). வங்கி டெபாசிட் 1.4 லட்சம், பி.எஃப். 4.8 லட்சம். ஆன்லைனில் 18 மாத சப்ளை செயின் (பொருள் வாங்குவது முதல் வாடிக்கையாளரிடம் சேர்ப்பது வரையிலான நிர்வாகம்) முதுநிலைப் படிப்பு ஒன்றுக்கு 5.1 லட்சம் ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் கேட்கிறார்கள். நோ காஸ்ட் இ.எம்.ஐ. (வட்டியில்லாத் தவணை) உண்டு, வரிச்சலுகையும் கிடைக்கும் என்று கவுன்சிலர் தினமும் போன் செய்கிறார். சேரலாமா? இல்லையென்றால் மனைவியின் நகையை வைத்தோ, பி.எஃப்.பில் எடுத்தோ கட்டலாமா?

பதில்: நீங்கள் எழுதியதைக் கூட்டிப் பார்த்தேன். மாதச் செலவு 47,200. மிச்சம் 4,800. ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்தால் படிப்புச் செலவு 6 லட்சத்தைத் தாண்டுகிறது. நோ காஸ்ட் இ.எம்.ஐ. பெரும்பாலும் 24 மாதத்துக்குள்தான் கொடுப்பார்கள். அப்படியானால் மாதம் 25,000. வங்கியில் 11 சதவீத வட்டிக்கு ஐந்து வருடக் கடன் வாங்கினாலும் மாதம் 13,000 ஆகும். இரண்டுமே உங்கள் பட்ஜெட்டுக்குள் வராது.

சரி, எப்படியோ சமாளித்துக் கட்டிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அந்த வங்கிக் கடனுக்கு வட்டியோடு நீங்கள் திருப்பிக் கட்டுவது சுமார் 7.83 லட்சம். படிப்பு முடிந்து சம்பளம் மாதம் 10,000 கூடினால், போட்ட பணம் திரும்ப ஆறரை வருடம் ஆகும். 25,000 கூடினால் இரண்டரை வருடத்தில் வந்துவிடும். எனவே உங்கள் கேள்விக்கான பதில், இந்த இரண்டில் எது நடக்கும் என்பதில்தான் இருக்கிறது. அதைக் கவுன்சிலரிடம் கேட்காதீர்கள். அவருக்கு உங்களைச் சேர்த்துவிடுவதுதான் வேலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து, சென்னைச் சுற்றுவட்டாரத்தில் நீங்கள் போக விரும்பும் வேலைகளுக்கான விளம்பரங்கள் இருபதை எடுத்துப் பாருங்கள். பிளானிங் (எந்தப் பொருள் எப்போது, எவ்வளவு வேண்டும் என்று திட்டமிடுவது), பர்ச்சேஸ், லாஜிஸ்டிக்ஸ் எதுவானாலும் சரி. எத்தனை பேர் முதுநிலைப் பட்டம் கேட்கிறார்கள், எத்தனை பேர் எஸ்.ஏ.பி. (கம்பெனிகள் சரக்கு, கணக்கு பார்க்கும் சாஃப்ட்வேர்), எக்செல், பிளானிங் அனுபவம் கேட்கிறார்கள் என்று நோட்டில் கோடு போட்டு எண்ணுங்கள். பட்டம் இல்லாததால்தான் கதவு மூடியிருக்கிறது என்றால் படிப்புக்குச் செலவழிப்பதில் அர்த்தம் இருக்கிறது. அனுபவம்தான் குறை என்றால் 6 லட்சம் கொடுத்தாலும் அது கிடைக்காது. உங்கள் கம்பெனியின் பிளானிங் பிரிவுக்கு மாற்றல் கேட்பதுதான் வழி. சிஸ்டத்தில் 400 பீஸ் காட்டும்போது ரேக்கில் 310தான் இருக்கும் கதையும், ஒரு சின்ன பாகம் வராமல் லைன் நிற்கும் கதையும் உங்களைவிட யாருக்குத் தெரியும்? ஸ்டோர்ஸிலிருந்து வந்த பிளானரை எந்த மேனேஜரும் சும்மா ஒதுக்கமாட்டார்.

இன்னொரு விஷயம். சட்டப்படி அங்கீகாரம் உள்ள பட்டப்படிப்புக் கட்டணத்துக்குப் பொதுவாக ஜி.எஸ்.டி. கிடையாது. உங்களிடம் ஜி.எஸ்.டி. கேட்கிறார்கள் என்றாலே அது பட்டமா, வெறும் சான்றிதழா என்று சந்தேகப்பட வேண்டும். 'எக்ஸிகியூட்டிவ் போஸ்ட் கிராஜுவேட்' என்ற பெயரில் பெரிய நிறுவனங்களின் முத்திரையோடு வருபவற்றில் பல, சான்றிதழ்கள்தான். அவை வீண் என்று சொல்லவில்லை; எம்.பி.ஏ. என்று நினைத்துக்கொண்டு பணம் கட்டக்கூடாது. பட்டம்தான் வேண்டும் என்றால் யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில், அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அந்தப் படிப்புக்கும் அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

நோ காஸ்ட் இ.எம்.ஐ. என்பது ஒரு நிதி நிறுவனத்திடம் நீங்கள் வாங்கும் கடன். ஆறாவது மாதம் படிப்பு பிடிக்காமல் நின்றாலும், தவணை நிற்காது. கட்டாமல் விட்டால் சிபில் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று வங்கிகள் பார்க்கும் மதிப்பெண்) அடிவாங்கும். வட்டி இல்லை என்கிறார்களே, மொத்தமாகக் கட்டினால் எவ்வளவு தள்ளுபடி என்று கேட்டுப் பாருங்கள். அந்தத் தள்ளுபடிதான் வட்டி!

வரிச்சலுகைக் கதைக்கு வருவோம். கல்விக் கடன் வட்டிக்கான கழிவு பழைய வரி முறையில் மட்டும்தான் உண்டு. புதிய முறையில், 2025-26 நிதியாண்டு முதல், சம்பளக்காரர்களுக்கு 12.75 லட்சம் வரை வரியே கிடையாது. உங்கள் வருமானம் அதற்குள்தான் வரும். இல்லாத வரிக்கு என்ன சலுகை?

பி.எஃப்.பைத் தொடாதீர்கள். இன்று எடுக்கும் 2 லட்சம், இப்போதைய 8.25 சதவீத வட்டியே தொடர்ந்தால், உங்கள் 58 வயதில் சுமார் 14.5 லட்சமாகியிருக்கும். டெபாசிட்டில் உள்ள 1.4 லட்சம் மூன்று மாதச் செலவுக்குக்கூடச் சரியாகக் காணாது, அதுவும் அப்படியே இருக்கட்டும். நகை உங்கள் மனைவியுடையது. அதை அடகு வைப்பதா என்று என்னிடம் கேட்பதற்கு முன் அவரிடம் கேட்டீர்களா?

படிக்காதீர்கள் என்று சொல்லவில்லை. நானும் பகலில் வேலை, மாலையில் கல்லூரி என்று படித்தவன்தான். இக்னோவில் (மத்திய அரசின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) ஆபரேஷன்ஸ் மேனேஜ்மென்ட் பிரிவில் எம்.பி.ஏ. இருக்கிறது. மொத்தக் கட்டணம் ஒரு லட்சத்துக்குள், அதையும் பருவத்துக்கு ஒருமுறை பிரித்துக் கட்டலாம். இரண்டு வருடத்தில் முடியாவிட்டால் நான்கு வருடம் வரை அவகாசம் உண்டு. ஷிப்டு மாறும் ஆளுக்கு இது பெரிய விஷயம். உங்களைக் கூப்பிடுவது போன்ற ஆன்லைன் படிப்புகளில் சனிக்கிழமை வகுப்பு என்று அழகாக அச்சடித்துத் தருகிறார்கள். ஒரகடத்தில் எத்தனை பேருக்குச் சனிக்கிழமை லீவு? வகுப்புக்காக ஓ.டி. சம்பளத்தை இழந்தால் அதுவும் செலவுதான். இதற்கிடையே, அமெரிக்காவின் எம்.ஐ.டி. நடத்தும் சப்ளை செயின் மைக்ரோமாஸ்டர்ஸ் (முதுநிலைத் தரத்தில் உள்ள பாடத்தொகுப்பு) பாடங்களை ஆன்லைனில் இலவசமாகக் கேட்கலாம், சான்றிதழ் வேண்டும் என்றால்தான் பணம். ஐந்து பாடங்கள் இருக்கின்றன. முதல் பாடத்திலேயே கணக்கு வரும், பயப்படாதீர்கள். இரண்டு மாதம் இரவில் உட்கார முடிகிறதா என்று உங்களை நீங்களே சோதித்துப் பார்க்கவும் இது உதவும்.

கம்பெனி கட்டணத்தில் பங்கு தருமா என்று எச்.ஆரிடம் கேளுங்கள். கொடுத்தால் இரண்டு வருடம் விலகக்கூடாது என்று பாண்ட் எழுதச் சொல்லலாம். வட்டியில்லாத பணத்துக்கு அது நியாயமான விலை. ஆனால் நடுவில் விலகினால் எவ்வளவு திருப்பித் தரவேண்டும் என்பதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

14 மாதம் கழித்து பர்சனல் லோன் முடியும்போது மாதம் 11,000 கையில் நிற்கும். பெரிய படிப்பு வேண்டுமா என்பதை அப்போது, பிளானிங்கில் ஒரு வருடம் உட்கார்ந்த அனுபவத்தோடு முடிவு செய்யலாம். அதுவரை அந்தக் கவுன்சிலர் 'கடைசி மூன்று சீட்' என்று எத்தனை முறை கூப்பிடுகிறார் என்று எண்ணிக்கொண்டே இருங்கள்.