வேக்கம் பை: குழம்பும் பொடியும் வாயில் ஒட்டாமல் நிரப்புவது எப்படி?

கேள்வி: மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். மாதம் ஒருமுறை ரயிலில் போகும்போது மீன் குழம்பு, மட்டன் சுக்கா, தக்காளித் தொக்கு, பருப்புப் பொடி எல்லாம் கொண்டுபோவேன். அதற்காகவே, பையிலிருந்து காற்றை உறிஞ்சி வாயை ஒட்டும் வேக்கம் சீலர் மெஷின் வாங்கினேன். ஒரு கையில் பையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கரண்டியில் அள்ளி ஊற்றுவதற்குள் பை சாய்ந்து மேடையெல்லாம் குழம்பாகிவிடுகிறது. பையின் வாயிலும் எண்ணெய் ஒட்டுகிறது. எப்படியோ துடைத்து சீல் போட்டால், மறுநாள் பைக்குள் காற்று ஏறியிருக்கிறது. கோளாறு மெஷினிலா, என் கையிலா? வேக்கம் பேக் செய்தால் ஃப்ரிட்ஜ் தேவையில்லை என்கிறார்களே, அதுவும் உண்மையா?
(மதுரையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: மெஷினிலும் இல்லை, உங்கள் கையிலும் இல்லை. கோளாறு பையின் வாயில் இருக்கிறது. மேடையில் கொட்டுவதும் மறுநாள் காற்று ஏறுவதும் இரண்டு தொல்லைகள் மாதிரி தெரிந்தாலும், காரணம் ஒன்றுதான். வாயை ஒட்டிய நான்கு விரல் அகலத்தைச் சுத்தமாக வைத்துக்கொண்டால் இரண்டும் சேர்ந்தே தீரும்.

இந்தப் பைக்கு இரண்டு அடுக்குகள் உண்டு. வெளியே காற்றை உள்ளே விடாத நைலான், உள்ளே பாலித்தீன். மெஷினில் இருக்கும் சூட்டுக் கம்பி, உள்ளடுக்கு பாலித்தீனை உருக்கி இரண்டு பக்கத்தையும் ஒன்றாக ஒட்டவைக்கிறது. நடுவே எண்ணெய்ப் படலமோ, ஈரமோ, மிளகாய்ப் பொடியோ இருந்தால் அந்த இடம் மட்டும் ஒட்டாது. கண்ணுக்கு ஒட்டினது போலத் தெரியும், ஆனால் மயிரிழை வழி ஒன்று இருக்கும். மறுநாள் காற்று ஏறுவது அந்த வழியாகத்தான். வாயில் எண்ணெய் பட்ட பிறகு துடைப்பதைவிட, படாமலே பார்த்துக்கொள்வது பாதி நேரம்கூட ஆகாது.

முதலில் உங்கள் இரண்டு கைகளையும் விடுவிப்போம். பையைக் கையில் பிடிக்கவே வேண்டாம். கைப்பிடி இல்லாத உயரமான எவர்சில்வர் டப்பா ஒன்றை எடுங்கள். பையை அதற்குள் இறக்கி, அடிப்பகுதி டப்பாவின் தரையைத் தொடும்படி விரித்துவிடுங்கள். மேலே மிஞ்சும் பகுதியை, சட்டைக் கையை மடிப்பது போல, டப்பாவின் விளிம்புக்கு வெளிப்பக்கமாக மடித்து இறக்குங்கள். ஏழெட்டு சென்டிமீட்டராவது மடிய வேண்டும். இப்போது சீல் விழப்போகிற இடம் டப்பாவுக்கு வெளியே, மடிப்புக்குக் கீழே போய்விட்டது. கரண்டி தட்டினாலும் சொட்டு விழுந்தாலும் மடிப்பின் மேல்முனையில்தான் விழும். அதை அப்போதே ஒரு துணியால் ஒற்றி எடுத்துவிடலாம். கீழே வழியவிடாதீர்கள்.

எந்த டப்பா பொருந்தும் என்று பலரும் கேட்பார்கள். பையின் அகலத்தில் பாதி, அதோடு ஒன்றிரண்டு சென்டிமீட்டர். டப்பாவின் வாய் அந்த அளவு இருந்தால் போதும். 20 சென்டிமீட்டர் அகலப் பையை விரித்தால் சுற்றளவு 40 சென்டிமீட்டர். அது ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் வாயுள்ள டப்பாவை இறுக்கமாகக் கவ்விக்கொள்ளும். 28 சென்டிமீட்டர் பைக்கு 15, 16 வரை போகலாம். டப்பா இதைவிடச் சின்னதாக இருந்தால் பை தொளதொளவென்று உள்ளே சரியும், பெரிதாக இருந்தால் மடிப்பே வராது. வீட்டில் இருக்கும் பருப்பு டப்பா, சீனி டப்பா எல்லாவற்றிலும் ஒருமுறை வெறும் பையை மாட்டிப் பாருங்கள். ஒன்று கட்டாயம் பொருந்தும். அதை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

சரி, இனி ஒவ்வொரு பண்டமாக வருவோம். நிரப்புகிற விதம் ஒவ்வொன்றுக்கும் வேறு.

மீன் குழம்பைப் பைக்குள் ஊற்றவே ஊற்றாதீர்கள். நான் சொல்வதில் இதை மட்டும் நீங்கள் கேட்டால்கூட எனக்குப் போதும். கடையில் வைத்திருக்கும் பெட்டி மெஷினுக்குள் பை முழுவதும் போய்விடும். பைக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே சமயத்தில் காற்று குறைவதால் திரவம் மேலே ஏறாது. வீட்டு மெஷின் அப்படியில்லை, பையின் வாய் வழியாக மட்டும் உறிஞ்சுகிறது. காற்று தீர்ந்ததும் குழம்பை உறிஞ்ச ஆரம்பித்துவிடும். அதனால் முதல் நாளே குழம்பை ஆறவைத்து, பையைவிட அகலம் குறைந்த ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். தண்ணீர் உறையும்போது பருமன் கூடும் என்பதால் மேலே ஒரு விரற்கடை இடம் விடுங்கள். மீன் துண்டுகள் குழம்புக்குள் முழுகியிருக்கட்டும். மறுநாள் டப்பாவின் அடியைப் பத்து விநாடி தண்ணீரில் வைத்து எடுத்தால், செங்கல் மாதிரி கட்டியாகக் கழன்று வரும். மேலே படிந்த ஈரத்தை உலர்ந்த துணியால் துடைத்து நேராகப் பைக்குள் நழுவவிடுங்கள். புனலும் வேண்டாம், கரண்டியும் வேண்டாம். இதில் இன்னொரு லாபம், முள் உறைந்த குழம்புக்குள் அடங்கிவிடுவதால் பையைக் குத்தாது.

ஃப்ரீசரில் இடமில்லை, இன்றே பேக் செய்தாக வேண்டும் என்றால் ஒரு வழி உண்டு. நன்றாகக் குளிர்ந்த குழம்பைப் பாதிப் பைக்கு மேல் போகாமல் ஊற்றுங்கள். மெஷினை மேடையின் விளிம்புக்கு நகர்த்தி, பை கீழே தொங்கும்படி வைத்து உறிஞ்சவிடுங்கள். கண் பை மேலேயே இருக்க வேண்டும். குழம்பு ஏறி வாய்க்கு மூன்று விரல் கீழே வந்ததும் சீல் பட்டனை அழுத்திவிடுங்கள். கொஞ்சம் காற்று உள்ளே நின்றால் பரவாயில்லை.

இரண்டு வழியிலும் குழம்பு ஆறியிருக்க வேண்டும். காற்றழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும் என்பதால், சுடச்சுட இருக்கும் குழம்பு பைக்குள்ளேயே கொதித்து மேலே வரும். வெதுவெதுப்பாக இருந்தால்கூட ஆவி வாய்ப்பக்கம் போய்க் குத்துக்குத்தாக நீர் முத்துகளாகப் படியும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரியும். அந்த முத்துகள் மேல் போட்ட சீல் நிற்காது.

சுக்காவும் தொக்கும் ஊற்றுகிற பண்டமில்லை என்றாலும், எண்ணெய் கசிவதால் குழம்பைவிடத் தொல்லை தருபவை. தேங்காய் எண்ணெயில் செய்திருந்தால் ஃப்ரிட்ஜில் வைத்தாலே எண்ணெய் உறைந்துவிடும். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் அந்த அளவுக்கு இறுகாது. நான் செய்வது இதுதான்: தொக்கை பட்டர் பேப்பரில் வைத்துப் பொட்டலமாக மடித்து, அந்தப் பொட்டலத்தை ஃப்ரீசரில் இறுகவைத்துப் பைக்குள் போடுவேன். சுக்காவை டப்பாவில் மாட்டிய பைக்குள் நீளக் கரண்டியால் அடியில் கொண்டுபோய் இறக்கலாம், மேலிருந்து போடக்கூடாது. நிரப்பியதும் மேலே, சீல் விழும் இடத்துக்கு இரண்டு விரல் கீழே, கிச்சன் டிஷ்யூவை நாலாக மடித்துப் பட்டையாக வையுங்கள். உறிஞ்சும்போது மேலே வரும் எண்ணெயை அது குடித்துக்கொள்ளும். எலும்பு கூராக இருந்தால் அந்த முனைக்கும் பட்டர் பேப்பர் சுற்றிவிடுங்கள்.

அப்புறம் பொடி. பார்க்க எளிது, ஆனால் என்னை அதிகம் படுத்தியது இதுதான். மெஷின் வாங்கிய புதிதில் இட்லிப் பொடியை நேராகப் பையில் போட்டு உறிஞ்சவிட்டேன். காற்றோடு சேர்ந்து பொடியும் மேலேறி மெஷினின் பள்ளத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. அதன்பிறகு ஒரு வாரம் எதைப் பேக் செய்தாலும் காற்று சரியாக இறங்கவில்லை. மெஷின் போய்விட்டது என்றே நினைத்தேன். கடைசியில் மூடியைச் சுற்றி இருக்கும் ரப்பர் பட்டையைக் கழற்றிப் பார்த்தால், அதன் அடியில் சிவப்பாக ஒரு கோடு. ஈரத் துணியால் துடைத்து, காயவைத்து மாட்டியதும் பழையபடி ஓடியது. உங்கள் மெஷினிலும் ஒருமுறை அந்தப் பட்டையைப் பாருங்கள்.

பொடிக்கு அகன்ற காம்புள்ள புனல் வேண்டும். கடையில் கிடைக்காவிட்டால் கெட்டியான சார்ட் பேப்பரைக் குழாய் போலச் சுருட்டிக்கொள்ளுங்கள். அதன் கீழ்முனை பையின் பாதி ஆழம் வரை போக வேண்டும். பிளாஸ்டிக்கின் உட்பக்கம் பொடியை இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும் குணமுடையது, வாய்க்கு அருகில் கொட்டினால் போச்சு. பொடி இறங்கியதும் குழாயைத் தட்டிவிட்டு, ஆட்டாமல் நேராக மேலே உருவுங்கள். இன்னும் நல்ல வழி, பொடியை முதலில் ஒரு காகிதப் பையில் போட்டு வாயை இரண்டு மடிப்பு மடித்து, அதை வேக்கம் பைக்குள் வைப்பது. காற்று வெளியே வரும், பொடி வராது.

நிரப்பியாயிற்று. முக்கால் பையோடு நிறுத்திவிடுங்கள், பேராசை வேண்டாம். மடிப்பை மேலே தூக்கி, வாயின் உட்பக்கத்தை உலர்ந்த டிஷ்யூவால் இரண்டு பக்கமும் ஒருமுறை துடையுங்கள். பையைப் படுக்கவைத்து, வாயின் இரண்டு மூலைகளையும் இரு கையாலும் வெளிப்பக்கம் இழுத்துப் பிடித்தபடி மெஷினில் வையுங்கள். சுருக்கம் விழுந்தால் அதுவும் காற்றுக்கு ஒரு வழிதான். சீல் ஆனதும் கோட்டைப் பாருங்கள். ஒரே சீராக, கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்க வேண்டும். புள்ளியோ குமிழோ தெரிந்தால் அரை விரல் தள்ளி இன்னொரு சீல் போடுங்கள். சுக்காவுக்கும் தொக்குக்கும் நான் எப்போதும் இரண்டு சீல் போடுவேன். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் அரை நிமிடம் விட்டால் கம்பி அளவுக்கு மீறிச் சூடாகாது.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. ஃப்ரிட்ஜ் தேவையில்லை என்று சொன்னவர் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள். காற்று இல்லாவிட்டால் பூஞ்சை வராது, எண்ணெய் சிக்கு வாடை சீக்கிரம் அடிக்காது. ஆனால் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமி, காற்று இல்லாத இடத்தில்தான் வளரும். புளிப்பில்லாத, ஈரமுள்ள சமைத்த கறி, மீன், பருப்பு, எண்ணெயில் ஊறிய பூண்டு இவையெல்லாம் அதற்குத் தோதானவை. அது உண்டாக்கும் நஞ்சு நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும், உயிருக்கே ஆபத்து. நாற்றமோ நிறமாற்றமோ காட்டாமலும் இருக்கும். ஆகவே நன்றாக உலர்ந்த பருப்புப் பொடி மட்டும்தான் வெளியே இருக்கலாம். தொக்கில் புளிப்பு இருந்தாலும் அதையும் குளிரிலேயே வையுங்கள். குழம்பும் சுக்காவும் சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஆறி ஃப்ரிட்ஜுக்கோ ஃப்ரீசருக்கோ போய்விட வேண்டும். அகலமான பாத்திரத்தில் ஊற்றித் தண்ணீர்த் தட்டில் வைத்தால் சீக்கிரம் ஆறும்.

ரயிலுக்குக் கிளம்பும்போது உறைந்த பைகளை ஒன்றோடொன்று நெருக்கி தெர்மக்கோல் பெட்டியில் அடுக்கி, இடைவெளியில் செய்தித்தாள் திணித்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். இறங்கியதும் தொட்டுப் பாருங்கள். கல்லாக இருந்தால் நேராக ஃப்ரீசர். இளகியும் ஃப்ரிட்ஜில் வைத்த பால் மாதிரி சில்லென்று இருந்தால், நன்றாகக் கொதிக்கவைத்து அன்றே சாப்பிடட்டும். சில்லென்ற குளிர்ச்சி போயிருந்தால் கொட்டிவிடுங்கள், மனசு கேட்காதுதான், ஆனாலும் கொட்டிவிடுங்கள். ஃப்ரீசரில் வைத்த மீன் குழம்பை இளகவைக்கும்போது, முதலில் பையின் மூலையை வெட்டி ஒரு பாத்திரத்தில் வைத்து ஃப்ரிட்ஜுக்குள் வைக்கச் சொல்லுங்கள். பை மூடியபடி வெளியே இளகக்கூடாது.

முறுக்கு, சீடையை வேக்கத்தில் போடாதீர்கள், நொறுங்கிப் பொடியாகும். பச்சைக் காலிஃபிளவரும் முட்டைக்கோஸும் வாயு விடும், பை பலூனாகிவிடும்.

இன்னொன்று, பண்டத்தின் பெயரையும் தேதியையும் நிரப்புவதற்கு முன்பே, வெறும் பையில் எழுதிவிடுங்கள். எண்ணெய்க் கை பட்ட பையில் மார்க்கர் ஓடாது.