போர்டு போனால் விண்டோஸும் போய்விடுமா?

கேள்வி: சிவகாசியில் சின்னதாக டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பில் புத்தகம்தான் வேலை. 2017இல் ஒரு பிராண்டட் டெஸ்க்டாப் வாங்கினேன். ஐ3, ஏழாம் தலைமுறை. விண்டோஸ் 10 புரோ அதிலேயே போட்டு வந்தது. போன மாதம் இடி விழுந்த அன்று மதர்போர்டு போய்விட்டது. ஹார்ட் டிஸ்க் நன்றாக இருக்கிறது. மெக்கானிக் புதிதாக அசெம்பிள் செய்து தருகிறேன் என்கிறார். பழைய விண்டோஸை அதற்கு மாற்றிக்கொள்ளலாமா? காசு கொடுத்து வாங்கியதுதானே? கேபினெட்டில் ஸ்டிக்கர்கூட இருக்கிறது.
– ஒரு வாசகர், சிவகாசி

பதில்: மாற்ற முடியாது. இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. "காசு கொடுத்து வாங்கியதுதானே" என்று மதுரையில் என் சர்வீஸ் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் நீங்கள் எதற்குக் காசு கொடுத்தீர்கள் என்பதில்தான் விஷயம்.

கம்ப்யூட்டர் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு மைக்ரோசாஃப்ட் தனி விலையில் தரும் உரிமத்துக்கு ஓ.இ.எம். என்று பெயர். உங்கள் மெஷினோடு வந்ததும் அதுதான். அது முதலில் எந்தக் கம்ப்யூட்டரோடு வந்ததோ, அதோடுதான் வாழும். ரேம் மாற்றலாம், டிஸ்க் மாற்றலாம், எஸ்.எம்.பி.எஸ். மாற்றலாம். கம்ப்யூட்டரை அப்படியே வேறொருவருக்கு விற்றால் விண்டோஸும் அவருக்குப் போகும். ஆனால் மதர்போர்டைத்தான் அவர்கள் 'கம்ப்யூட்டர்' என்று கணக்கு வைக்கிறார்கள். நீங்களாக வேறு போர்டு போட்டால் அது புதுக் கம்ப்யூட்டர், அதற்குப் புது உரிமம் வேண்டும்.

ஸ்டிக்கரை எடுத்து நன்றாகப் பாருங்கள். விண்டோஸ் போடும்போது அடிக்க வேண்டிய 25 எழுத்துக் கீ அதில் இருக்காது. விண்டோஸ் 7 காலம் வரை கீயை ஸ்டிக்கரில் அச்சிட்டு ஒட்டினார்கள். 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து பிராண்டட் மெஷின்களில் கீயை மதர்போர்டில் உள்ள பயாஸ் சிப்பிலேயே எழுதிவிடுகிறார்கள். மறுபடி விண்டோஸ் போடும்போது அது கீ கேட்காமல் தானே ஆக்டிவேட் ஆவது, அதாவது மைக்ரோசாஃப்ட் கீயைச் சரிபார்த்து ஏற்றுக்கொள்வது, அதனால்தான். வசதிதான், ஆனால் போர்டு செத்தால் கீயும் அதோடு போய்விடுகிறது.

"முன்பெல்லாம் மாற்றினோமே" என்று உங்கள் மெக்கானிக் சொல்லக்கூடும். அவர் சொல்வது பொய் இல்லை. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் நானே செய்திருக்கிறேன். போர்டு மாற்றியதும் ஆக்டிவேஷன் போய்விடும். கட்டணமில்லாத எண்ணுக்கு போன் போட்டு, திரையில் தெரியும் ஐம்பதுக்கும் மேற்பட்ட எண்களை ஆறு ஆறாக ஒப்பித்தால், அந்தப் பக்கம் பதிலுக்கு எண்களைச் சொல்வார்கள். கடை மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து, வண்டிச் சத்தத்துக்கு ஒரு காதைப் பொத்திக்கொண்டு எழுதி எடுப்பேன். அது ஆக்டிவேட் ஆனதும் உரிமமும் மாறிவிட்டது என்று வெகு நாள் நம்பிக்கொண்டிருந்தேன். ஆக்டிவேட் ஆவது வேறு, உரிமம் இருப்பது வேறு. கடை நடத்துகிறவருக்கு இந்த வித்தியாசம் முக்கியம். நாளைக்கு ஆடிட் என்று வந்தால் பில்லைத்தான் கேட்பார்கள், திரையைப் பார்க்க மாட்டார்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. போர்டு பழுதாகி, அதே நிறுவனத்தின் அதே மாடல் போர்டையோ, அவர்கள் அதற்கு ஈடாகத் தரும் போர்டையோ போட்டால் பழைய உரிமம் தொடரும். இடியில் போனது பழுதுதான். அதனால் முதலில் அந்த பிராண்டின் சர்வீஸ் சென்டரில் போர்டு கிடைக்குமா என்று விசாரியுங்கள். ஆனால் விலையைக் கேட்டுவிட்டு ஒரு நாள் யோசியுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 பொதுவாக எட்டாம் தலைமுறை இன்டெல் பிராசஸரிலிருந்துதான் ஏற்றுக்கொள்ளும். ஏழாம் தலைமுறை ஐ3க்கு அதிக விலை கொடுத்துப் போர்டு தேடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தப் பணத்தைப் புது மெஷினில் போடுங்கள்.

புதிது வாங்கும்போது இரண்டு வழி. விண்டோஸோடு வரும் பிராண்டட் மெஷின் வாங்கினால் பழையதைப் பற்றிக் கவலையே வேண்டாம், அதற்கென்று ஒன்று உள்ளேயே இருக்கும். ஹோமா புரோவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலைக்கு ஹோம் போதும். அசெம்பிள்தான் என்றால் ரீடெயில் விண்டோஸ் கேளுங்கள். விலை கூடுதல்தான். ஆனால் அதுதான் உங்களோடு வரும். பழைய மெஷினிலிருந்து நீக்கிவிட்டு அடுத்ததில் போட்டுக்கொள்ளலாம். ஒரு நேரத்தில் ஒரு மெஷினில்தான் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை போர்டு மாற்றும் கடைக்கு அது கட்டுப்படியாகும். கடைக்காரர் அசெம்பிள் மெஷினுக்கென்றே விற்கும் ஓ.இ.எம். உறையைக் காட்டி "இதுவும் ஒரிஜினல்தான்" என்பார். ஒரிஜினல்தான். அதுவும் முதல் போர்டோடு ஒட்டிக்கொள்ளும். எதை வாங்கினாலும் ஜி.எஸ்.டி. பில்லில் விண்டோஸ் என்று தனி வரி போடச் சொல்லுங்கள்.

சில நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைக்கும் கீ வேண்டவே வேண்டாம். அவற்றில் பல, பெரிய அலுவலகங்களுக்கு மொத்தமாகக் கொடுத்த வால்யூம் கீ. முதல் நாள் வேலை செய்யும். பிறகு ஒருநாள் திரையின் வலது மூலையில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்று மங்கலாக எழுத்து வந்து நிற்கும். முகூர்த்த மாதத்தில் கடையில் கூட்டம் நிற்கும்போது அது வந்தால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

மற்ற வாசகர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் மெஷின் உயிரோடு இருக்கும்போதே எந்த வகை உரிமம் என்று பார்த்து வையுங்கள். விண்டோஸ் பொத்தானையும் 'ஆர்' எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் ஆங்கிலத்தில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்று ஐந்து எழுத்தைச் சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சாய்கோடு போட்டு, டி, எல், ஐ என்று அடித்து என்டர் தட்டுங்கள். சில நொடிகளில் வரும் பெட்டியில் ஓ.இ.எம்., ரீடெயில், வால்யூம் என்று ஏதாவது ஒரு வார்த்தை இருக்கும். பில்லின் பின்பக்கம் அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துவிட்டால் ஓ.இ.எம்.மும் மாற்றக்கூடியதாகிவிடும் என்று சிலர் எனக்கு எழுதியிருந்தார்கள். அப்படி இல்லை.

'ஜெர்மனியில் மாற்றலாமாமே' என்றும் சிலர் கேட்கிறார்கள். அங்கே உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே, ஓ.இ.எம். மென்பொருளை மெஷின் இல்லாமல் தனியாக விற்பதை மைக்ரோசாஃப்ட் தடுக்க முடியாது என்று தீர்ப்பு சொன்னது உண்மை. ஆனால் அது அந்த நாட்டுச் சட்டம்.

இனி உங்கள் ஹார்ட் டிஸ்க். என்னைக் கேட்டால் விண்டோஸைவிட அதுதான் பெரிய சொத்து. அதைக் கழற்றி யு.எஸ்.பி. கேபிளில் மாட்டினால் ஃபைல்களைப் படிக்கலாம். பத்திரிகை டிசைன்களை மட்டும் எடுத்துவிட்டு ஃபாண்டை விட்டுவிடாதீர்கள். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரை முழுவதுமாக நகல் எடுங்கள். பாமினி போன்ற பழைய ஃபாண்டில் அடித்த ஃபைலை அந்த ஃபாண்ட் இல்லாமல் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். இருபது வருஷ வேலையை இப்படி இழந்துவிட்டு ஒருவர் என் கடை வாசலில் வந்து நின்றிருக்கிறார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

கேள்வி: பழைய லேப்டாப்பின் எஸ்.எஸ்.டி.யைக் கழற்றிப் புது லேப்டாப்பில் போட்டால் எல்லாம் அப்படியே வந்துவிடுமா? புதியது 'டாஸ்' லேப்டாப், விலை குறைவு என்று வாங்கினேன்.
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

பதில்: விண்டோஸ் திறக்கலாம், ஆனால் ஆக்டிவேட் ஆகாது. டாஸ் என்று போட்டிருந்தால் விண்டோஸ் உரிமம் இல்லாமல் விற்றது என்று அர்த்தம், விலை குறைந்ததும் அதனால்தான். அதைவிட அவசரமான ஒன்று: கழற்றும் முன் பழைய லேப்டாப்பில் பிட்லாக்கர் என்ற விண்டோஸின் டிஸ்க் பூட்டு ஓடுகிறதா என்று பாருங்கள். இப்போதைய லேப்டாப்கள் பல டிஸ்க்கைத் தாமாகவே பூட்டிவிடுகின்றன. வேறு மெஷினில் மாட்டியதும் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு மறந்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு, அப்புறம் ஸ்க்ரூவைத் தொடுங்கள்.

படிப்புக்குத்தான் என்றால் இப்போதைக்கு விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளுங்கள், காசு கிடையாது. கட்டுரை அடிக்க, கணக்குப் போட லிப்ரே ஆஃபிஸ் இருக்கிறது, தமிழ்99 விசைப்பலகையும் சேர்த்துக்கொள்ளலாம். கல்லூரியில் ஏதாவது ஒரு மென்பொருளுக்கு விண்டோஸ் கட்டாயம் என்று சொன்னால், அன்றைக்கு ரீடெயிலாக வாங்குங்கள்.