நாயுருவியும் 1,500 ரூபாய்த் தாயத்தும்

அன்புள்ள ஐயா,

கடலூர் புதுப்பாளையத்தில் இருக்கிறேன். போன சனிக்கிழமை திருவந்திபுரம் போய், மலையிலிருந்து இறங்கும்போது ஒருவர் செந்நாயுருவி வேர் வைத்த தாயத்தை நீட்டினார். வசியமாம், கடையில் வியாபாரம் கூடுமாம், விலை 1,500 ரூபாய். வாங்கவில்லை. ஆனால் எங்கள் ஆயா பிரசவம் பார்க்கப் போகும்போது இதே வேரை முந்தானையில் முடிந்துகொண்டு போகும். ஆயா செய்தது வைத்தியம், இவர் செய்வது ஏமாற்று என்று சொல்லிவிடலாமா?

க.

அன்புள்ள க.,

வாங்காமல் வந்தீர்களே, சந்தோஷம். அந்த மலைக்குப் பெயரே ஔஷதகிரி. அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போனபோது உதிர்ந்த துண்டு என்று சொல்கிற இடத்தில் நின்று வேர் விற்றால் யாருக்குப் பேரம் பேச வாய் வரும்!

இந்தச் செடி கெடில ஆற்றங்கரையில் சும்மா கிடைக்கும். கதிரைக் கீழிருந்து மேலாக விரலால் உருவிப் பாருங்கள், குத்தும். பூ முடிந்ததும் காய்கள் தலைகீழாகத் தண்டோடு படிந்துகொள்கின்றன, முள்முனை கீழே பார்த்திருக்கும், உரசிப் போகிற நாயின் மயிரோ நம் வேட்டியோ சிக்கினால் விடாது. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இதற்கு வைத்த அறிவியல் பெயரில் வரும் 'அஸ்பெரா'வுக்கும் சொரசொரப்பு என்றுதான் பொருள். ஒட்டினால் விடாத செடி ஆளையும் ஒட்டவைக்கும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள், வசியம் அங்கே பிறந்திருக்கும் என்பது என் ஊகம். வேடிக்கை என்னவென்றால் வடமொழியில் இதற்கு அபாமார்க்கம் என்று பெயர், துடைத்து அகற்றுவது என்ற பொருளில். சாபத்தையும் பாவத்தையும் துடைத்துப் போ என்று அதர்வ வேதம் இதனிடம் கேட்கிறது. தீபாவளி எண்ணெய்க் குளியலில் சிலர் தலையைச் சுற்றிப் போடுவதும் இதைத்தான். புதன் கிரகத்துக்கு ஹோமத்தில் போடும் குச்சியான சமித்தும் இதுவே. ஒருவருக்கு இழுக்கிற செடி, இன்னொருவருக்கு விரட்டுகிற செடி.

சரி, ஆயாவுக்கு வருவோம். வலி கண்டவளின் இடுப்பில் வேரைக் கட்டுவது, பிள்ளை விழுந்த கையோடு அவிழ்த்துவிடுவது, இது பல ஊர்களில் இருந்த வழக்கம். கட்டியதால் பிரசவம் சுலபமானது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உடனே அவிழ்க்கவேண்டும் என்கிற அந்தப் பயம் இருக்கிறதே, அது சும்மா வந்ததாகத் தோன்றவில்லை. இதே வேரைக் கருக்கலைக்கவும் பயன்படுத்தி உயிரோடு விளையாடியிருக்கிறார்கள், எலி, முயல் ஆய்வுகளிலும் இந்தச் செடிச் சாறுக்குக் கருவைக் கலைக்கும் தன்மை தெரிந்திருக்கிறது. அதனால் வீட்டில் கர்ப்பிணி இருந்தால் கஷாயம், பொடி எதுவும் வேண்டாம்.

மருந்தாக இதன் பெரிய வேலை மூலத்துக்குப் பக்கத்து வியாதியான பவுத்திரத்தில். முழுச்செடியையும் காயவைத்து எரித்து, சாம்பலை நீரில் கரைத்து, தெளிந்ததை வடித்துக் காய்ச்சினால் உப்பு கிடைக்கும், பொட்டாசியம் நிறைந்த காரம். நூலில் இலைக்கள்ளிப் பால் 11 முறை, கள்ளிப்பாலும் இந்த உப்பும் 7 முறை, கள்ளிப்பாலும் மஞ்சளும் 3 முறை பூசிக் காயவைப்பார்கள், அதுதான் பவுத்திரப் புழையில் கோத்துக் கட்டுகிற க்ஷாரசூத்திரம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதை அறுவை சிகிச்சையோடு வைத்து ஒப்பிட்டு 1991இல் முடிவை வெளியிட்டது: நூல் கட்டினால் ஆற 8 வாரம், அறுத்தால் 4 வாரம், ஆனால் திரும்ப வந்தது நூலில் 4 சதவீதம், அறுவையில் 11 சதவீதம். இதில் மந்திரம் ஏதும் இல்லை, அரிக்கிற காரம் மெதுவாக அறுக்கிறது, அவ்வளவுதான். ஆனால் வீட்டில் செய்து பார்க்கிற காரியமில்லை.

தேள் கடிக்கு இலையை அரைத்துப் பூசுவதும் உண்டு. பூசட்டும், ஆனால் குழந்தையைக் கடித்தால் பூசிக்கொண்டு உட்காராமல் ஜிப்மருக்கோ பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கோ ஓடவேண்டும். செந்தேள் விஷத்துக்குப் பிரசோசின் மாத்திரை கேட்கும் என்று மகாராஷ்டிரத்தின் மகாட் ஊரில் டாக்டர் பாவஸ்கர் காட்டிய பிறகு பிழைத்த உயிர்கள் ஏராளம்.

தாயத்துக்காரரிடம் எனக்கு வருத்தம் விலையில் மட்டுமில்லை. வேர் பிடுங்குவதற்கு முன்னால் மஞ்சள்நூல் கட்டி, 'உன் உயிர் உன் உடலில் நிற்க' என்று செடியிடம் சொல்லி, ஆணிவேர் அறாமல் எடுக்கவேண்டும் என்பார்கள் பழைய ஆட்கள். மூட்டை மூட்டையாகப் பிடுங்குகிறவருக்கு அதற்கு ஏது நேரம்? ஆயா என்ன சொல்லிப் பிடுங்கும் என்று வீட்டில் யாருக்காவது ஞாபகம் இருந்தால் கேட்டு எழுதுங்கள். ஊருக்கு ஊர் வார்த்தை மாறும், கடலூர்ப் பக்கத்து வார்த்தை என்னிடம் இல்லை.